உட்கார்ந்தால் சுள்ளுனு குத்துதா? கர்ப்ப கால வால் எலும்பு வலி: எப்படிக் குறைக்கலாம், எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

கர்ப்பிணிகள் செக்கப்புக்குப் போகும்போது அதிகம் சொல்லும் வார்த்தை 'இடுப்பு வலி'. முதுகின் அடிப்பகுதி வலித்தாலும் அதே வார்த்தைதான். தொடை இடுக்கில் பிடித்துக்கொண்டாலும் அதேதான். உட்காரும் இடத்தில் எலும்பு குத்தினாலும் அதேதான். இந்தக் கடைசி இடத்தை வாய்விட்டுச் சொல்ல நிறைய பேருக்குக் கூச்சம். பக்கத்தில் மாமியார் நிற்பார், ஃபைலைப் பிடித்துக்கொண்டு கணவர் நிற்பார், வெளியே டோக்கனோடு ஒரு கூட்டமே காத்திருக்கும். 'இடுப்பு வலிக்குது டாக்டர்', 'மாசம் ஏற ஏற அப்படித்தான்மா இருக்கும்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆனால் வால் எலும்பு வலிக்குச் செய்ய வேண்டியது வேறு, மற்ற இடுப்பு வலிகளுக்குச் செய்ய வேண்டியது வேறு. அதைவிட முக்கியமாக, 'இடுப்பு வலி' என்கிற ஒரே பெயருக்குள் குறைமாதப் பிரசவ வலியும் ஒளிந்துகொள்ளும். அதனால் வலிக்கும் இடத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதில் இருந்தே ஆரம்பிக்கணும்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். வலி விட்டு விட்டு, ஒரு கணக்கு வைத்த மாதிரி வந்து போகிறது, ரத்தம் படுகிறது, தண்ணீர் மாதிரி கசிகிறது, குழந்தையின் அசைவு குறைந்திருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது... இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மீதியைப் பிறகு படிக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. தமிழ்நாட்டில் 108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும்.

வால் எலும்பு எங்கே இருக்கு?

முதுகுத்தண்டின் கடைசி நுனிதான் வால் எலும்பு. பெரும்பாலானவர்களுக்கு நான்கு குட்டி எலும்புகள் சேர்ந்து ஒன்றாக இருக்கும். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஐந்து. மருத்துவத்தில் இதற்கு 'காக்சிக்ஸ்' என்று பெயர். கிரேக்க மொழியில் குயிலைக் குறிக்கும் சொல் அது. எலும்பு குயிலின் அலகு மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயராம். குத்துற குத்தைப் பார்த்தால் மரங்கொத்தினு வச்சிருக்கலாம்!

பார்க்கச் சின்ன எலும்புதான். ஆனால் வேலை பெரிசு. நாம் உட்காரும்போது உடலின் எடை மூன்று இடத்தில் இறங்குகிறது. இரண்டு பக்கமும் உள்ள உட்காரும் எலும்புகள், நடுவில் இந்த வால் எலும்பு. முக்காலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. நிமிர்ந்தோ லேசாக முன்னால் சாய்ந்தோ உட்கார்ந்தால் பக்கத்து எலும்புகளும் தொடையும் எடையைத் தாங்கிக்கொள்ளும். பின்னால் சரிந்து உட்கார்ந்தால் எடை வால் எலும்புக்குப் போகும். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால், கீழே சொல்லப்போகும் பாதி விஷயங்கள் தானாகவே விளங்கிவிடும்.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் இப்படி வலிக்குது?

பெண்களுக்கு இந்த வலி ஆண்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு அதிகம் என்பது மருத்துவ நூல்கள் சொல்லும் கணக்கு. இடுப்பெலும்பின் அமைப்பு ஒரு காரணம், கர்ப்பமும் பிரசவமும் இன்னொரு காரணம்.

கர்ப்பம் தரித்ததும் உடலில் 'ரிலாக்ஸின்' உள்ளிட்ட ஹார்மோன்கள் சுரக்கின்றன. குழந்தைக்கு வழிவிட வேண்டும் என்பதால் இடுப்பெலும்பு இணைப்புகளைக் கட்டி வைத்திருக்கும் தசைநார்கள் கொஞ்சம் தளர்கின்றன. வால் எலும்பின் மூட்டும் அதில் ஒன்று. இன்னொரு பக்கம், அந்தரங்க எலும்பில் இருந்து வால் எலும்பு வரை இடுப்பின் அடித்தளத்தில் ஒரு தசைத் தொகுதி தூளி மாதிரி தொங்குகிறது. கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தாங்குவது இந்தத் தூளிதான். குழந்தை வளர வளரத் தூளியில் எடை கூடும். தூளியின் ஒரு முனை கட்டியிருக்கும் இடத்தை அது இழுக்கும். அந்த முனைதான் வால் எலும்பு.

போதாக்குறைக்கு, வயிறு முன்னால் தள்ள, முதுகு உள்வாங்கி வளைகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையும் கூடுகிறது. சோஃபாவில் சரிந்து உட்கார்ந்தால்தான் வயிற்றுக்கு இடம் கிடைக்கிறது. அந்தச் சரிவுதான் வால் எலும்பைப் பதம் பார்க்கிறது. சின்ன வயதில் மாடிப்படியிலோ குளியலறையிலோ வழுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்த பழைய அடி இருந்தால், அது இப்போது மறுபடி தலைகாட்டலாம். அப்படி விழுந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்க.

ஒரே ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க

நின்றுகொண்டு, வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுப் பாருங்க. இரண்டு பிட்டத்துக்கும் நடுவில், பிளவு தொடங்கும் இடத்தில் விரல் போய் நின்றால் அது வால் எலும்பு வலி. உட்கார்ந்தால் அதிகமாகும், எழுந்திருக்கும் அந்த நொடியில் சுள்ளென்று குத்தும், நடந்தால் குறையும்.

விரல் அதற்கு மேலே, முதுகின் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் உள்ள குழியில் நின்றால் அது இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையிலான மூட்டு வலி. இதில் மாடிப்படி ஏறுவதும், ஒரு காலில் நின்று உடை மாற்றுவதும்தான் கஷ்டமாக இருக்கும். முன்பக்கம் அந்தரங்க எலும்பில் வலித்தால் அது வேறு. இந்த வகை இடுப்பு வளைய வலிகள் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வருகின்றன. பிட்டத்தில் தொடங்கி காலுக்குக் கரண்ட் அடித்த மாதிரி இறங்கினால் அது நரம்பு சம்பந்தப்பட்டது.

டாக்டரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ இதை அப்படியே சொல்லலாம்: 'உட்காருற இடத்துல, நடு எலும்புல வலிக்குது. உட்கார்ந்து எழும்போது அதிகமா இருக்கு.' இந்த இரண்டு வரி போதும். கர்ப்பத்தில் இதற்காக எக்ஸ்ரே எடுப்பது பொதுவாகத் தவிர்க்கப்படும். நீங்கள் சொல்வதையும் தொட்டுப் பார்ப்பதையும் வைத்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். அதனால் கூச்சப்படாதீங்க.

உட்காருவதை மாத்தினாலே பாதி வலி போகும்

இதுதான் இந்தக் கட்டுரையில் மெதுவாகப் படிக்க வேண்டிய பகுதி.

கொஞ்சம் கெட்டியான இருக்கையுள்ள நாற்காலியைத் தேர்ந்தெடுங்க. பாதம் இரண்டும் தரையில் பதியணும். எட்டவில்லை என்றால் ஒரு மனையையோ கெட்டியான அட்டைப்பெட்டியையோ காலுக்கு அடியில் வையுங்க. முழங்கால்களை அகட்டி, வயிற்றுக்கு நடுவில் இடம் விட்டு, இடுப்பில் இருந்து லேசாக முன்னால் சாயுங்க. எதிரே மேசை இருந்தால் முழங்கைகளை அதில் ஊன்றிக்கொள்ளலாம். கைப்பிடி இல்லாத உறுதியான மர நாற்காலி வீட்டில் இருந்தால், அதைத் திருப்பிப் போட்டு, சாய்மானத்தில் கைகளை வைத்து இரண்டு பக்கமும் கால்போட்டு உட்கார்ந்து பாருங்க. பார்க்கச் சினிமா வில்லன் மாதிரி இருக்கும், ஆனா வால் எலும்புக்கு நிம்மதி. பிளாஸ்டிக் நாற்காலியில் இதைச் செய்யக் கூடாது, வழுக்கிவிடும்.

அடுத்து குஷன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் நடுவில் ஓட்டை போட்ட வட்டக் காற்றுத் தலையணையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மூலத்துக்கு வாங்குவது. சிலருக்கு இது உதவும். ஆனால் வட்டத்தின் பின்பக்க விளிம்பு சரியாக வால் எலும்பு மேலேயே வந்து அழுத்தவும் வாய்ப்பு உண்டு. பின்பக்கம் மட்டும் திறந்திருக்கும், குதிரை லாட வடிவ ஸ்பாஞ்ச் குஷன் இதைவிட நல்லது. திறந்த பக்கம் முதுகு நோக்கி இருக்கணும். திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டு 'ஒண்ணும் வேலை செய்யலை' என்று தூக்கிப்போட்டுடாதீங்க.

காசு கொடுத்து வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். இரண்டு குளியல் துண்டுகளை நீளமாக, கெட்டியாகச் சுருட்டுங்க. நாற்காலியில் முன்னும் பின்னுமாக, தண்டவாளம் மாதிரி இணையாக வையுங்க. ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு பக்கத் தொடையும் பிட்டமும் வரும்படி உட்காருங்க. நடுவில் வால் எலும்பு எதையும் தொடாமல் காற்றில் நிற்கும். இதில் வலி குறைந்தால் குஷனும் உதவும் என்று அர்த்தம். சிலருக்கு இந்தத் துண்டே பிரசவம் வரை போதுமானதாக இருக்கும்.

எழுந்திருக்கும் முறையும் முக்கியம். இருந்த இடத்தில் இருந்து அப்படியே விசுக்கென்று எழாதீங்க. முதலில் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, உடம்பை முன்னால் சாய்த்து, தொடையில் கையை ஊன்றி எழுங்க. எவ்வளவு நல்ல குஷனாக இருந்தாலும் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடக்கணும்.

தரையில் உட்காருவது பற்றி ஒரு வார்த்தை. 'கீழே உட்கார்ந்து எழுந்தாத்தான் சுகப்பிரசவம் ஆகும்' என்று வீட்டில் சொல்வார்கள். உடம்பை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வால் எலும்பு வலி இருக்கிறவரை வெறும் சிமென்ட் தரையிலோ டைல்ஸிலோ சம்மணம் போட்டு உட்காருவது வலியைத்தான் கூட்டும். காய் நறுக்குவது, துணி மடிப்பது போன்ற வேலைகளை மேசைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் வளைகாப்பு. பட்டுப்புடவையில், சந்தனமும் வளையலுமாக, வந்தவர்கள் எல்லாம் நலங்கு வைத்து முடிக்கிறவரை அசையாமல் உட்கார்ந்திருக்கணும். ஏழாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோ, வலி அதிகமாக இருக்கும் நேரத்தில். அந்த நாற்காலியில் குஷனை முன்னாடியே போட்டு வையுங்க, மேலே ஒரு பட்டுத்துணியை விரித்துவிட்டால் போட்டோவில் தெரியாது. நடுவில் இரண்டு முறை எழுந்து நின்றால் எந்தச் சாஸ்திரமும் கெடாது.

பயணத்தில், பஸ்ஸின் கடைசி சீட் வேண்டவே வேண்டாம். பின் சக்கரத்தைத் தாண்டி இருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையும் நேராக எலும்பில் இறங்கும். நடுவில் உட்காருங்க. பைக்கில் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதும் இடுப்பை ஒருபக்கம் முறுக்கும். வேறு வழியே இல்லை என்றால் மெதுவாகப் போகச் சொல்லுங்க.

படுப்பது, புரளுவது

ஒருக்களித்துப் படுங்க. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து தூங்கப் போக வேண்டாம் என்பது குழந்தையின் ரத்த ஓட்டத்துக்காகவும் டாக்டர்கள் சொல்லும் ஆலோசனை. தூக்கத்தில் புரண்டு மல்லாந்திருந்தால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டால் இடுப்பு முறுக்காமல் இருக்கும். அதற்கென்று தனியாக விற்கும் பெரிய தலையணை அவசியமில்லை, பழைய இலவம்பஞ்சுத் தலையணையே போதும். புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்து, மொத்த உடம்பும் ஒன்றாகத் திரும்பணும்.

மலச்சிக்கலையும் கவனிங்க

வால் எலும்புக்கு நேர் முன்னால்தான் மலக்குடல் இருக்கிறது. மலம் இறுகி, முக்கி முக்கிப் போனால் அந்தத் தூளித் தசைகள் இழுபட்டு வலி கூடும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை சிலருக்கு மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, ரத்தசோகை வால் எலும்பு வலியைவிடப் பெரிய பிரச்னை. கீரை, வாழைத்தண்டு, கொய்யா, தண்ணீர், கொஞ்சம் நடை. அப்படியும் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்க, கர்ப்பத்தில் பாதுகாப்பான மருந்துகள் இருக்கின்றன. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கொண்டால் சிரமம் குறையும்.

ஒத்தடம், எண்ணெய், பயிற்சி

வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி பத்துப் பதினைந்து நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சிலருக்கு ஐஸ் ஒத்தடம்தான் கேட்கும், அதையும் துணியில் சுற்றித்தான் வைக்கணும். வயிற்றின் மேல் சூடு வேண்டாம். கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் உட்காருவதும் வேண்டாம்.

அம்மா நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவி, இடுப்பைச் சுற்றி மெதுவாக நீவி விட்டால் தசை இளகும், மனசுக்கும் இதமாக இருக்கும். ஆனால் 'எலும்பு விலகியிருக்கு, அழுத்தி இழுத்து விடுறேன்' என்று யாராவது கிளம்பினால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துடுங்க.

பயிற்சியில் எளிதானது, கையையும் முழங்காலையும் தரையில் ஊன்றி, மூச்சோடு சேர்த்து முதுகை மெல்ல மேலே வளைத்து, மறுபடி சமநிலைக்குக் கொண்டுவருவது. யோகாவில் பூனை போல நிற்கும் ஆசனம். அந்த நிலையில் வால் எலும்பின் மேல் எந்த எடையும் இல்லை என்பதால், வலி அதிகமான நேரத்தில் சும்மா அப்படி நின்றாலே நிம்மதியாக இருக்கும். முழங்காலுக்கு அடியில் போர்வையை மடித்துப் போட்டுக்கொள்ளுங்க.

'கீகல்' பயிற்சி எல்லோரும் சொல்வது. ஆனால் வால் எலும்பு வலி உள்ள சிலருக்கு அந்தத் தசைகள் ஏற்கனவே இறுகிப்போய்த்தான் இருக்கும். அவர்களுக்கு மேலும் இறுக்கும் பயிற்சி வலியைக் கூட்டலாம். ஆழ்ந்து மூச்சை இழுத்து, விடும்போது அடிவயிறு, பிட்டம், ஆசனவாய்ப் பகுதியைத் தளர்த்தப் பழகுவதுதான் அவர்களுக்குத் தேவை. நீங்கள் எந்த ரகம் என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு, டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்க.

மெடிக்கல் ஷாப்பில் 'வலி மாத்திரை' கேட்காதீங்க

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கு. சாதாரண உடம்பு வலிக்குக் கடையில் கொடுக்கும் மாத்திரைகளில் டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போன்றவை இருக்கலாம். 20 வாரத்துக்குப் பிறகு இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 அக்டோபரில் எச்சரித்தது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைத்துவிடலாம் என்பதே காரணம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் குழந்தையின் இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் ஒன்று முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. முதல் மாதங்களிலும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். மேலே பூசும் சில ஜெல்களிலும் டைக்ளோஃபினாக் இருக்கிறது, அட்டையைப் படிங்க.

தேவைப்பட்டால் டாக்டர்கள் வழக்கமாகக் கொடுப்பது பாராசிட்டமால். அதன் அளவையும் எத்தனை நாள் என்பதையும் அவர்களே சொல்லட்டும். ரத்த அழுத்தம் போன்ற காரணத்துக்காகக் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தக் கூடாது. அது வேறு கணக்கு.

'சூட்டு வலி'னு காத்திருக்கலாமா?

நம்ம ஊரில் பிரசவத்துக்கு முன்னால் இடுப்பு வலித்தால் 'சூட்டு வலியா இருக்கும், சீரகத் தண்ணி போட்டுக் குடி, அடங்கிடும்' என்பார்கள். பத்தாவது மாதத்தில் அது பல நேரம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் 37 வாரம் முடியாதவர்களுக்கு இந்த வைத்தியத்தில் போகும் நேரம் ஆபத்தானது. குறைமாதப் பிரசவ வலி எப்போதும் வயிற்றில்தான் தொடங்கும் என்பதில்லை. கீழ்முதுகில் மந்தமான வலியாகவும், கீழ்நோக்கி ஏதோ அழுத்துவது போலவும் தொடங்கலாம்.

வித்தியாசம் இதுதான். வால் எலும்பு வலி நீங்கள் இருக்கும் நிலையைப் பொறுத்து மாறும், எழுந்து நடந்தால் குறையும். பிரசவ வலிக்கு நீங்கள் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். அலை மாதிரி வந்து, போய், மறுபடி வரும். வயிறும் கல் மாதிரி இறுகி இறுகித் தளரும். சந்தேகமாக இருந்தால் ஆஸ்பத்திரியில் போய் 'ஒண்ணுமில்லம்மா' என்று கேட்டுவிட்டு வருவதில் எந்த வெட்கமும் இல்லை. இரவு நேரத்தில் ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் 104-ல் கேட்கலாம்.

வேறு சில அறிகுறிகளும் இருக்கின்றன. காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், விலாவுக்குக் கீழே வலி இருந்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். உட்காரும் இடமும் தொடையின் உள்பக்கமும் மரத்துப்போவது, சிறுநீர் வருவதே தெரியாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது நரம்பு அழுத்தப்படுவதன் அடையாளம். மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. பிளவுப் பகுதியில் வீங்கி, சிவந்து, சீழ் வைத்தால் அது கட்டி. குஷனால் சரியாகாது. கீழே விழுந்துவிட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தையைப் பரிசோதிக்கப் போங்க.

வேலைக்குப் போகிறவர்கள் என்ன செய்வது?

நாள் முழுக்க பில் போடும் இடத்திலோ தையல் மெஷினிலோ உட்கார்ந்திருப்பவரிடம் 'அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்க' என்று எழுதுவது எங்களுக்குச் சுலபம். மேற்பார்வையாளர் விடணுமே! டாக்டரிடம் இதை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக் கொடுத்தால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கும். பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரமும், அதற்கு முந்தைய ஒரு மாதமும், கர்ப்பிணி கேட்டுக்கொண்டால் கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்பது 1961-ம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே இடம்பெற்ற விதி. கடைகளில் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. கடையில் ஸ்டூல் இருக்கிறது, ஆனால் சாய்மானமும் இல்லை, காலும் எட்டவில்லை என்றால், கூட ஒரு துண்டுச் சுருளையும் காலுக்கு ஒரு பெட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்க.

பிரசவத்தில் சிக்கல் வருமா?

'வால் எலும்பு வலி இருந்தா சிசேரியன்தானா?' என்ற கேள்வி நிறைய பேருக்கு உண்டு. இந்த வலி மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது. சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளியே வரும்போது வால் எலும்பு பின்னால் கொஞ்சம் வளைந்து வழிவிடும், உடம்பின் அமைப்பே அப்படித்தான். வலி இருப்பதைப் பிரசவ அறையில் இருக்கும் செவிலியரிடம் சொல்லி வையுங்க, மல்லாந்து கிடப்பதற்குப் பதில் ஒருக்களித்து இருக்க முடியுமா என்றும் கேளுங்க.

பெரும்பாலானவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி படிப்படியாகக் குறையும். மாறாக, பிரசவத்துக்குப் பிறகுதான் முதல்முறையாக உட்காரவே முடியாத அளவுக்கு வலி வந்தால், 'முதுகுல ஊசி போட்டதால' என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம். குழந்தை வரும்போது எலும்பின் மூட்டு பிசகியிருக்கலாம், டாக்டரிடம் காட்டணும். அதுவரை பால் கொடுப்பதற்காக மணிக்கணக்கில் கட்டிலில் சரிந்து உட்கார வேண்டியதில்லை. நீங்களும் ஒருக்களித்துப் படுத்து, குழந்தையையும் உங்கள் பக்கம் திருப்பி, வயிறோடு வயிறாகப் படுக்கவைத்துக் கொடுக்கலாம். எப்படிப் பிடிப்பது என்று டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே செவிலியரிடம் ஒருமுறை காட்டச் சொல்லுங்க. படுத்தபடி கொடுக்கும்போது தூக்கம் வந்தால் மட்டும் குழந்தையைத் தொட்டிலுக்கு மாற்றக் கூட ஒருவர் விழித்திருக்கட்டும்.